புவித்தட்டுப் பெட்டி: இடம் சரி, காரணம் பாதி

எரிமலைகள் உலகில் எங்கெங்கே இருக்கின்றன, ஏன் அங்கே மட்டும் இருக்கின்றன என்பதைக் கையால் தொட்டுக் கற்றுக்கொள்வதற்கென்று தயாரிக்கப்பட்ட பெட்டி ஒன்றைத் திருநெல்வேலிச் சந்திப்பில் உள்ள எழுதுபொருள் கடையொன்றில் வாங்கி, பாளையங்கோட்டையில் நான் புவியியல் நடத்தும் ஒன்பதாம் வகுப்பில் இந்தப் பருவம் முழுவதும் பயன்படுத்தினேன். விலை ரூ. 1,200. பள்ளிக்கூடத்துக்கு என்று சொன்னதும் கடைக்கார அண்ணாச்சி நூறு ரூபாய் குறைத்துக்கொண்டார். தயாரித்த நிறுவனத்தின் பெயரை இங்கே தவிர்க்கிறேன். இதே அமைப்பில் வேறு பெட்டிகளும் கடையில் இருந்தன, பிரித்துப் பார்த்த அளவில் அவற்றின் குறைகளும் ஏறக்குறைய இவையேதாம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெட்டியில் உள்ள மர வரைபடத்துக்காக மட்டுமே இதை வாங்கலாம். கொடுத்த விலைக்கு அது ஒன்றே தகும். உடன் வரும் எரிமலைப் பொம்மையையும், விளக்கக் கையேட்டின் பாதிப் பக்கங்களையும் ஒதுக்கிவைத்துவிடுவது நல்லது.

அந்த வரைபடம், மரத்தூளை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகைகள் இரண்டால் ஆனது. ஒன்றில் அமெரிக்கக் கண்டங்களும் அட்லாண்டிக் பெருங்கடலும், மற்றொன்றில் ஆப்பிரிக்கா, ஐரோப்பா, ஆசியா, ஆஸ்திரேலியா ஆகியவையும் அச்சிடப்பட்டிருக்கின்றன; இரண்டும் நடுவில் கொக்கிகளால் இணைகின்றன. பலகையில் வெட்டப்பட்ட பள்ளங்களில் புவித்தட்டுகள், அதாவது பூமியின் வெளி ஓடு பிரிந்து கிடக்கும் பெரிய பாறைத் தகடுகள், புதிர்த் துண்டுகளாக வந்து பொருந்துகின்றன. பசிபிக், வட அமெரிக்க, தென் அமெரிக்க, யுரேசிய, ஆப்பிரிக்க, அண்டார்க்டிக், இந்தோ-ஆஸ்திரேலியத் தட்டுகள் ஆகிய ஏழு பெரியவற்றோடு நாஸ்கா, கோகோஸ், கரீபியன், அரேபிய, பிலிப்பைன் தட்டுகள் முதலிய சிறியவையும் உண்டு. துண்டுகளின் மேல் கண்டங்களின் வடிவத்தை மெல்லிய கோடாக மட்டும் வரைந்திருப்பது நல்ல தேர்வு. தட்டு என்றாலே கண்டம் என்று நினைத்துக்கொண்டிருக்கும் மாணவர், தென் அமெரிக்கத் துண்டைக் கையில் எடுத்ததும் அதில் பெரும் பகுதி அட்லாண்டிக் கடலின் அடித்தளமாக இருப்பதைப் பார்த்துவிடுகிறார். பாடநூலில் எத்தனை முறை வாசித்தாலும் மனத்தில் ஏறாத செய்தி அது.

துண்டுகளில் சிறு துளைகள் இருக்கின்றன. கையேட்டில் உள்ள எரிமலைப் பட்டியலைப் பார்த்து, சிவப்புத் தலை கொண்ட குண்டூசிகளை அந்தத் துளைகளில் செருக வேண்டும். செருகி முடித்த பிறகு ஒவ்வொரு துண்டையும் தனியே தூக்கிப் பார்க்கச் சொன்னேன். கையேட்டில் இல்லாத இந்த ஒரு வேலைதான் பெட்டியின் மிகச் சிறந்த பயன் என்பேன். தென் அமெரிக்கத் துண்டின் மேற்கு விளிம்பை ஒட்டி ஊசிகள் வரிசையாக நிற்கின்றன. கிழக்கே பிரேசில் பக்கம் ஒன்றுகூட இல்லை. இரண்டு பக்கமும் கடற்கரைதான். ஆனால் மேற்குக் கடற்கரை தட்டின் விளிம்பு, கிழக்குக் கடற்கரை தட்டின் நடுப்பகுதி. எரிமலை கடலோரத்தில் வரும் என்று பொதுவாக எண்ணியிருந்த மாணவர்களுக்கு, அது கடலைப் பார்த்து வருவதில்லை, தட்டின் எல்லையைப் பார்த்தே வருகிறது என்பது ஒரே நொடியில் விளங்கிவிட்டது.

வரைபடத்தின் பெரிய குறை ஒன்று உண்டு. அதைத் தீர்க்கும் வழியும் அதன் உள்ளேயே இருக்கிறது. அட்லாண்டிக்கும் ஆப்பிரிக்காவும் நடுவில் வருமாறு உலகை விரித்திருப்பதால், பசிபிக் பெருங்கடல் இரண்டாக வெட்டுப்பட்டு இடக்கோடியிலும் வலக்கோடியிலும் கிடக்கிறது. உலகில் செயல்படும் எரிமலைகளில் ஏறக்குறைய முக்கால்வாசி, அந்தப் பெருங்கடலைச் சுற்றி 40,000 கிலோமீட்டர் நீளும் நெருப்பு வளையத்தில்தான் இருக்கின்றன. அந்த வளையம் இந்த வரைபடத்தில் வளையமாகவே தெரிவதில்லை, தொடர்பில்லாத இரண்டு ஓரங்களாகத் தெரிகிறது. கொக்கிகளைக் கழற்றி, அமெரிக்கா இருக்கும் இடப் பலகையை எடுத்து ஆசியா இருக்கும் பலகைக்கு வலப்பக்கம் வைத்தால் போதும். பசிபிக் முழுதாகச் சேர்ந்துவிடுகிறது. சிலியில் தொடங்கி ஆண்டிஸ், மத்திய அமெரிக்கா, அலாஸ்கா, அலூசியன் தீவுகள், கம்சட்கா, ஜப்பான், பிலிப்பைன்ஸ், நியூசிலாந்து என்று ஊசிகள் ஒரு சுற்று சுற்றி வருவது கண்ணுக்குத் தெரிகிறது. அடுத்த பதிப்பில் இந்த ஒரு வாக்கியத்தையாவது கையேட்டில் சேர்க்கலாம்.

ஊசிகள் எல்லாம் ஒரே நிறம் என்பது அடுத்த குறை. ஒரே நிறத்தில் இருந்தால் எரிமலை எல்லாம் ஒரே காரணத்தால் வருகிறது என்ற எண்ணம் தானாகவே உண்டாகிவிடும். நகப்பூச்சு வாங்கி மூன்று வகையாகப் பிரித்தோம். ஒரு தட்டு மற்றொன்றின் கீழ் அமிழும் எல்லையில் உள்ளவை சிவப்பாகவே இருக்கட்டும் என்று விட்டோம். தட்டுகள் விலகும் இடத்தில் உள்ளவற்றுக்கு மஞ்சள், எந்த எல்லையிலும் சேராமல் தட்டின் நடுவே நிற்பவற்றுக்கு நீலம் தீட்டினோம். தட்டுகள் பக்கவாட்டில் உரசிச் செல்லும் கலிஃபோர்னியாவின் சான் ஆண்ட்ரியாஸ் பிளவு போன்ற இடங்களுக்கு நிறமே தேவைப்படவில்லை. அங்கே நிலநடுக்கம் உண்டு, எரிமலை இல்லை. நிறம் தீட்டியதும் பலகையில் சிவப்பு பெருகிக் கிடந்தது. மஞ்சள் ஐஸ்லாந்திலும் ஆப்பிரிக்காவின் கிழக்குப் பகுதியிலும் மட்டும் சிறிதளவு தெரிந்தது.

இங்கேதான் பெட்டி நம்மை ஏமாற்றுகிறது. பட்டியலில் உள்ளவை பெரும்பாலும் கடலுக்கு மேலே தலை காட்டும் எரிமலைகள். உண்மையில் பூமியின் உள்ளிருந்து மேற்பரப்புக்கு வரும் பாறைக்குழம்பில் முக்கால் பங்கு, தட்டுகள் விலகும் நடுக்கடல் முகடுகள் என்ற கடலடி மலைத்தொடர்களில், யாரும் பார்க்காத ஆழத்தில் வெளிப்படுகிறது என்பது பொதுவான மதிப்பீடு. இந்த முகடுகள் பெருங்கடல்களின் அடியில் 65,000 கிலோமீட்டர் அளவுக்குத் தொடராக ஓடுகின்றன. எரிமலைகளின் எண்ணிக்கையைப் பார்த்தால் சிவப்பு மேலோங்கும். வெளிவரும் குழம்பின் அளவைப் பார்த்தால் மஞ்சளே மேலோங்கும். வரைபடத்தில் இந்த முகடு துண்டுகளுக்கு இடையே உள்ள வெறும் வெட்டுக் கோடாக மட்டும் நிற்கிறது. அமெரிக்க ஆய்வாளர்கள் மேரி தார்ப்பும் புரூஸ் ஹீசனும் 1950களில் அட்லாண்டிக் கடலடியை வரைபடமாக்கி, முகட்டின் நடுவே ஓடும் பிளவுப் பள்ளத்தைக் காட்டிய பிறகுதான், கண்டங்கள் இடம்பெயர்கின்றன என்று 1912-ல் ஜெர்மானிய அறிஞர் வெகெனர் சொன்ன கண்ட நகர்வுக்கு நம்பத்தக்க அடிப்படை கிடைத்தது. வெகெனருக்கு இரண்டு பக்கம் ஒதுக்கியிருக்கும் கையேடு, தார்ப்பின் பெயரையே சொல்லாதது சரியில்லை. நாங்கள் மஞ்சள் நூலை எடுத்து முகடு நெடுக வெட்டுக் கோட்டில் அழுத்திவைத்தோம். படம் முழுமை பெற்றது.

கையேட்டைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் எரிமலை எங்கே வரும் என்பதை வரைபடம் எவ்வளவு நேர்மையாகக் காட்டுகிறதோ, ஏன் வரும் என்பதைக் கையேடு அவ்வளவு குழப்புகிறது. அதன் மூன்றாம் பக்கத்தில், பூமியின் மேலோட்டுக்குக் கீழே எரிகுழம்புக் கடல் ஒன்று இருப்பதாகவும், தட்டுகள் அதன் மேல் மிதப்பதாகவும், மூட்டு இருக்கும் இடத்தில் குழம்பு வெளியே பீறிடுவதாகவும் எழுதியிருக்கிறார்கள். அப்படி ஒரு கடல் கிடையாது. மேலோட்டுக்குக் கீழே உள்ள கவசம், ஏறக்குறைய முழுவதும் திடமான பாறை. நிலநடுக்கத்தின் இரண்டாம் நிலை அலைகள் திரவத்தின் வழியே செல்லமாட்டா. அவை கவசத்தை ஊடுருவிச் செல்கின்றன, அதற்கும் கீழே உள்ள, திரவமான வெளிக்கருவத்தில்தான் நின்றுபோகின்றன. ஒன்பதாம் வகுப்பு மாணவருக்கு இந்த அலைகளைப் பற்றிப் பாடம் உண்டு. ஆகவே கையேட்டின் மூன்றாம் பக்கமும் பாடமும் ஒன்றுக்கொன்று முரண்படுவதை அவர்களே கண்டுபிடித்துவிட முடியும். திடமாக இருந்தாலும் மிக மெதுவாக, ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் அளவில், கவசப் பாறை நகர்ந்துகொண்டிருக்கிறது. அது உருகுவது சில குறிப்பிட்ட இடங்களில் மட்டுமே. அங்கும் முழுதாக உருகுவதில்லை, ஒரு சிறு பங்குதான் உருகுகிறது.

எனவே உண்மையான கேள்வி, திடமான பாறை எங்கே, எதனால் உருகுகிறது என்பதே. அதை மேலும் சூடாக்கினால் உருகும் என்பதே எல்லோருக்கும் முதலில் தோன்றும் பதில். தட்டின் எல்லைகளில் நடப்பது பெரும்பாலும் அதுவல்ல. தட்டுகள் விலகும் இடத்தில் கீழே உள்ள பாறை மேல்நோக்கி எழுகிறது; 1,300 டிகிரிக்கும் மேலான சூட்டோடு அது மேலே வரும்போது, அதன் மேல் இருந்த அழுத்தம் குறைகிறது; அழுத்தம் குறைந்தால் உருகுநிலையும் குறைகிறது; கூடுதலாக ஒரு டிகிரி வெப்பம்கூடத் தேவையின்றி அது உருகத் தொடங்குகிறது. பிரஷர் குக்கரில் 120 டிகிரியை நெருங்கும் தண்ணீர், ஆவியை விட்டு அழுத்தத்தைக் குறைத்ததும் அடுப்பை அணைத்த பிறகும் தளதளவென்று கொதிப்பதை வீட்டில் பார்த்திருக்கும் பிள்ளைகளுக்கு இதை விளக்க வேறு கருவி தேவைப்படாது. ஐஸ்லாந்து இவ்வகைக்கு எடுத்துக்காட்டு. அங்கே அட்லாண்டிக் முகடு கடலுக்கு மேலே எழுந்து நிற்கிறது. வட அமெரிக்கத் தட்டும் யுரேசியத் தட்டும் ஆண்டுக்கு ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் விலகுகின்றன. முகட்டோடு ஆழத்திலிருந்து எழும் கூடுதல் வெப்பமும் அங்கே சேர்ந்துகொள்வதால்தான் அந்தத் தீவே உருவானது.

அமிழும் எல்லைக்காகப் பெட்டியில் ஃபோம் கட்டை ஒன்று கொடுத்திருக்கிறார்கள். கடல்தட்டு கண்டத்தட்டின் கீழே சரிந்து செல்வதைக் காட்டும் குறுக்குவெட்டு, செய்நேர்த்தி அருமை. ஆனால் அமிழும் தட்டின் நுனியைச் சிவப்பாகத் தீட்டி, அந்த நுனி உருகி எரிமலையாக மேலே வருவதாக அம்புக்குறி போட்டிருக்கிறார்கள். இது தவறு. கீழே இறங்கும் கடல்தட்டு அந்த ஆழத்தில் உள்ள எல்லாவற்றிலும் குளிர்ந்தது. பெரும்பாலான இடங்களில் அது உருகுவதில்லை. அது செய்யும் வேலை வேறு. பல கோடி ஆண்டுகள் கடலுக்கு அடியில் கிடந்த அந்தத் தட்டு, தன் கனிமங்களுக்குள்ளும் தன்மேல் படிந்த வண்டலுக்குள்ளும் தண்ணீரைச் சுமந்துகொண்டு இறங்குகிறது. ஏறக்குறைய 100 கிலோமீட்டர் ஆழத்தில் வெப்பமும் அழுத்தமும் அந்தத் தண்ணீரைப் பிழிந்து வெளியேற்றுகின்றன. அது மேலே உள்ள சூடான கவசப் பாறைக்குள் ஏறி, அதன் உருகுநிலையைச் சில நூறு டிகிரி கீழே இறக்கிவிடுகிறது. உருகுவது மேலே இருக்கும் பாறைதான். தீ மலைக்குக் காரணம் தண்ணீர் என்று வகுப்பில் சொன்னபோது ஒரு பையன் நம்பவே மறுத்தான். அவனை நான் குறை சொல்லமாட்டேன். நீராவி மிகுந்த இந்தக் குழம்புதான் வெடித்துச் சிதறும் எரிமலைகளையும் உண்டாக்குகிறது. 1980-ல் அமெரிக்காவின் செயின்ட் ஹெலன்ஸ், 1991-ல் பிலிப்பைன்ஸின் பினடூபோ ஆகிய இரண்டும் இவ்வகையே.

இந்த விளக்கம் தெரிந்தால்தான் வரைபடத்தில் உள்ள மற்றொரு பிழையும் பிடிபடும். அமிழ்ந்த தட்டு 100 கிலோமீட்டர் ஆழத்தை எட்டும் இடத்துக்கு நேர்மேலேதான் எரிமலை வரிசை அமையும். தட்டு சரிந்து செல்வதால், அந்த வரிசை, தட்டு அமிழத் தொடங்கும் பள்ளமான கடல் அகழியிலிருந்து வெகுதூரம் உள்ளே தள்ளியே இருக்க வேண்டும். ஆண்டிஸ் எரிமலைகள் பெரு-சிலி அகழியிலிருந்து 200 முதல் 300 கிலோமீட்டர் உள்நாட்டில் நிற்கின்றன. பெட்டியிலோ, பல இடங்களில் துளைகளைத் தட்டின் விளிம்பிலேயே போட்டுவிட்டார்கள். துளை போடும் இயந்திரத்துக்கு அதுதான் வசதியாக இருந்திருக்கும். வரைபடத்தின் அளவில் இது சில மில்லிமீட்டர் வேறுபாடுதான். ஆனால் மூட்டின் வழியே குழம்பு பீறிடுகிறது என்ற தவறான எண்ணத்துக்கு இது சாட்சி சொல்வதுபோல் ஆகிவிடுகிறது.

இதற்கு மாறாக, அதே ஆண்டிஸ் வரிசையில் பெட்டி தன்னை அறியாமலே ஒரு பெரிய உண்மையைச் சொல்லியிருக்கிறது. பெருவின் வடக்கிலும் நடுவிலும் ஏறக்குறைய 1,500 கிலோமீட்டர் நீளத்துக்கு ஊசியே இல்லை. மத்திய சிலியில் இன்னும் ஓர் இடைவெளி. துளை போட மறந்துவிட்டார்கள் என்று மாணவர்கள் முடிவு கட்டினார்கள். மறக்கவில்லை, அந்த இடங்களில் எரிமலை இல்லைதான். அங்கும் நாஸ்கா தட்டு கண்டத்துக்கு அடியில் செல்கிறது, ஆனால் செங்குத்தாகச் சரியாமல், ஏறக்குறைய கிடைமட்டமாகக் கண்டத்தின் அடிப்பகுதியைத் தழுவிக்கொண்டு செல்கிறது. இரண்டுக்கும் இடையே சூடான கவசப் பாறைக்கு இடமில்லை. தண்ணீர் வெளியேறினாலும் உருகுவதற்கு அங்கே ஏதும் இல்லை. தட்டின் எல்லை என்று சொன்னால் மட்டும் போதாது, எந்த வகை எல்லை, எந்தச் சரிவு என்பதும் தெரிய வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடையாது. கையேடு இதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

இமயமலை பற்றிய பக்கம் கையேட்டில் உள்ள நல்ல பக்கங்களில் ஒன்று. உலகின் மிகப் பெரிய மோதல் எல்லையில் ஏன் ஊசியே இல்லை என்ற கேள்வியை அதுவே எழுப்பி, கண்டமும் கண்டமும் மோதும்போது இரண்டுமே இலேசானவை என்பதால் எதுவும் ஆழமாக அமிழ்வதில்லை என்று சரியாகப் பதிலும் சொல்கிறது. இடையில் இருந்த டெதிஸ் கடலின் அடித்தளம் அமிழ்ந்துகொண்டிருந்த காலத்தில் அங்கும் எரிமலை வரிசை இருந்தது. லடாக்கின் லே நகரைச் சுற்றியுள்ள கிரானைட் மலைகள் அந்த வரிசையின் அடிப்பகுதிகள். ஏறக்குறைய 5 கோடி ஆண்டுகளுக்கு முன் கடல் மூடிக்கொண்டது, தண்ணீர் சுமந்த தட்டின் வரத்தும் நின்றது.

ஆப்பிரிக்காவை ஒரே துண்டாக வெட்டியிருப்பது மன்னிக்க முடியாத சோம்பல். கண்டத்தின் கிழக்குப் பகுதி சோமாலியத் தட்டாகப் பிரிந்துகொண்டிருக்கிறது; எத்தியோப்பியாவின் எர்ட்டா அலே, காங்கோவின் நியிராகொங்கோ, தான்சானியாவின் கிளிமஞ்சாரோ எல்லாம் அந்தப் பிளவைச் சார்ந்தவை. ஒற்றைத் துண்டில் அவை தட்டின் நடுவே காரணமின்றி நிற்பதுபோல் தோன்றுகின்றன. சிறு வாள் வைத்திருப்பவர்கள் எத்தியோப்பியாவில் தொடங்கித் தெற்கே அறுத்துவிடலாம். நான் கறுப்பு மையால் கோடு போட்டதோடு நிறுத்திக்கொண்டேன்.

நீல ஊசிகளுக்கு வருவோம். ஹவாய்த் தீவுகள் பசிபிக் தட்டின் நடுவே, மிக அருகில் உள்ள எல்லையிலிருந்தும் 3,000 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கின்றன. தட்டின் எல்லையே எரிமலையின் இடத்தைத் தீர்மானிக்கிறது என்ற விதிக்கு இது நேர் எதிர். கையேடு ‘விதிவிலக்கு’ என்ற ஒரே சொல்லோடு கடந்துபோகிறது. ஆனால் 1963-ல் கனடிய அறிஞர் டூசோ வில்சன் காட்டியதுபோல, இந்த விதிவிலக்கே தட்டு நகர்கிறது என்பதற்கான சிறந்த சான்று. கவசத்தின் ஆழத்திலிருந்து எழும் வெப்பப் புள்ளி ஏறக்குறைய நிலையாக நிற்க, தட்டு அதன் மேல் நகர்ந்து செல்வதால் எரிமலைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பிறந்து, நகர்ந்து, அணைந்துபோகின்றன. கவாய் தீவுக்கு வயது ஏறக்குறைய 50 லட்சம் ஆண்டுகள். தென்கிழக்குக் கோடியில் உள்ள ஹவாய்ப் பெருந்தீவுக்குப் 10 லட்சம்கூட ஆகவில்லை. அதற்கும் தென்கிழக்கே கடலுக்கடியில் அடுத்த எரிமலை வளர்ந்துகொண்டிருக்கிறது. வடமேற்கே போகப் போக மூழ்கிய எரிமலைகள் தொடர்ந்து, ஓர் இடத்தில் வரிசை வடக்கு நோக்கித் திரும்புகிறது. அந்தத் திருப்பத்தின் வயது 4.7 கோடி ஆண்டுகள். தட்டு அப்போது திசை மாறியது என்பது பழைய விளக்கம். வெப்பப் புள்ளியும் சற்று நகர்ந்திருக்க வேண்டும் என்பது இப்போது பலர் ஏற்கும் திருத்தம். வகுப்பில் இதைக் காட்ட ஸ்கெட்ச் பேனா ஒன்றை அசையாமல் நிறுத்திப் பிடித்து, அதன் அடியில் தாளை மெல்ல இழுத்து, நடுவில் திசையை மாற்றினோம். ஹவாய்-எம்பரர் வரிசையின் வளைவு அப்படியே தாளில் விழுந்தது. பெட்டிக்குள் ஒரு பைசா செலவில்லாமல் சேர்த்திருக்கக்கூடிய பாடம்.

இந்திய நிறுவனம் தயாரித்த பெட்டி, தக்காணத்தைச் சொல்லாமல் விட்டது எனக்குப் பெரும் வியப்பு. ஏறக்குறைய 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியத் தட்டு ஒரு வெப்பப் புள்ளியின் மேல் வந்தபோது வழிந்த லாவாதான், மகாராஷ்டிரத்தைச் சுற்றி இன்றும் 5 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பில் படிக்கட்டுப் படிக்கட்டாகக் கிடக்கிறது. தட்டு வடக்கே நகர நகர அதே வெப்பப் புள்ளி லட்சத்தீவு, மாலத்தீவு, சாகோஸ் ஆகியவற்றின் அடித்தளத்தை இட்டுக்கொண்டே சென்று, இப்போது ரீயூனியன் தீவில் பீடோன் தெ லா ஃபூர்னேஸ் எரிமலையாக எரிந்துகொண்டிருக்கிறது. நீல நூல் ஒன்றை மும்பையிலிருந்து ரீயூனியன் வரை இழுத்துக் கட்டினால், தட்டு நகர்ந்த பாதை கண்முன் நிற்கும்.

அந்தமானின் பாரன் தீவுக்கு மட்டும் ஊசி கொடுத்திருக்கிறார்கள். இந்தியாவில் இப்போது செயல்படும் ஒரே எரிமலை அதுதான். 1787-ல் அதன் வெடிப்பு பதிவாகியிருக்கிறது. நெடுங்காலம் அடங்கியிருந்து 1991-ல் மீண்டும் எழுந்தது. அந்த ஊசியிலிருந்து தெற்கே சுமத்ரா, ஜாவா வரை விரலை ஓட்டச் சொல்லிவிட்டு, 2004 டிசம்பர் 26 அன்று 1,300 கிலோமீட்டர் நீளத்துக்கு உடைந்தது இந்த அமிழும் எல்லையேதான் என்று சொன்னேன். உவரி, இடிந்தகரைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அன்று கடல் ஊருக்குள் வந்த கதை வீட்டில் கேட்டுப் பழகியது. பாரன் தீவை எரியவைக்கும் தட்டும் அந்த அலையை அனுப்பிய தட்டும் ஒன்றே என்பது அவர்களுக்குப் புதிது.

எல்லாப் பாடத்துக்கும் பிறகு எதிர்பார்த்த கேள்வியும் வந்தது. “சார், நம்ம பொதிகை மலையும் ஒரு காலத்துல எரிமலையாத்தான இருந்திருக்கும்லா?” என்றான் ஒருவன். தேரிக்காட்டுச் செம்மண் எரிமலைச் சாம்பலா என்று இன்னொருத்தி கேட்டாள். இரண்டுக்கும் விடை, ‘இல்லை’ என்பதே. திசையன்விளைப் பக்கத்துத் தேரி, காற்று குவித்த மணல். அதன் சிவப்பு, மணலின் மேல் படிந்த இரும்பு ஆக்சைடால் வந்தது. பொதிகையின் பாறைகள் சார்னோக்கைட்டும் நைஸும். ஏறக்குறைய 55 கோடி ஆண்டுகளுக்கு முன் கோண்டுவானா என்ற பழைய பெருங்கண்டம் ஒன்றுசேர்ந்த காலத்தில், மேலோட்டின் அடியில் 20, 30 கிலோமீட்டர் ஆழத்தில் வெந்து உருமாறியவை. மேலிருந்த பாறை தேய்ந்து போனபின் அவை வெளியே வந்தன. நம் கல்குவாரிகளில் உடைபடும் கருங்கல்லும் பெரும்பாலும் அந்த இனமே. பலகையில் திருநெல்வேலியின் இடத்தில் ஒரு வெள்ளை ஊசியைக் குத்தி அளந்தால், எரிமலை உண்டாகும் எந்த எல்லைக்கும், கிழக்கே போனாலும் மேற்கே போனாலும், ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. அருகில் வெப்பப் புள்ளியும் இல்லை. 1990களின் இறுதியில் அபிஷேகப்பட்டிப் பக்கம் நிலத்திலிருந்து உருகிய பாறை வெளிவந்ததாகச் செய்தி பரவி, எரிமலை என்ற பேச்சும் எழுந்ததைப் பெரியவர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். மின்கம்பத்தின் வழியே நிலத்துக்குள் பாயும் மின்சாரம் சிறிதளவு மண்ணையும் கல்லையும் உருக்கப் போதுமானது. எனக்கு அந்த விளக்கமே பொருத்தமாகப் படுகிறது. இந்தப் பலகையைப் பார்த்தவருக்கு வேறு விளக்கம் தோன்றுவது கடினம்.

எரிமலைப் பொம்மையைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். பிளாஸ்டர் கூம்பு, சமையல் சோடா, வினிகர், சிவப்புச் சாயம். நுரை பொங்கும், பிள்ளைகள் கைதட்டுவார்கள். வாயுதான் குழம்பை மேலே தள்ளுகிறது என்ற ஓர் உண்மை அதில் உண்டு. ஆனால் சோடாவும் வினிகரும் சேர்ந்து வாயுவை உண்டாக்குவதுபோல் எரிமலைக்குள் எதுவும் கலப்பதில்லை. குழம்பில் முன்பே கரைந்திருக்கும் நீராவியும் கரியமில வாயுவும் அழுத்தம் குறையும்போது பிரிந்து வருகின்றன. அதைக் காட்டக் குலுக்கிய சோடா பாட்டில் ஒன்று போதும். தவிர, இந்தக் கூம்பை எந்த மேசையில் வைத்தாலும் பொங்கும். இடத்தைப் பற்றிய பெட்டியில், இடமே தேவைப்படாத எரிமலை ஒன்றுக்கு என்ன வேலை?

பலகையின் தரம் பரவாயில்லை. அச்சு மங்கவில்லை, ஓரங்கள் கையைக் கிழிப்பதில்லை. ஈரப்பதம் கூடும் நாட்களில் துண்டுகள் சற்றே உப்பி, அண்டார்க்டிக் துண்டு பள்ளத்தில் இறங்க மறுக்கிறது. தென்காசி, குற்றாலப் பக்கம் சாரல் காலத்தில் இது இன்னும் தொல்லை தரலாம், உப்புத்தாள் கொண்டு ஓரத்தை இலேசாகத் தேய்த்துவிட்டால் சரியாகிவிடும். கொக்கிகள் மெல்லிய பிளாஸ்டிக். பலகைகளை அடிக்கடி இடம் மாற்றினால் நெடுநாள் தாங்கா என்று நினைக்கிறேன்.

எட்டாம் வகுப்புக்கு மேல் உள்ள பிள்ளைகளுக்கு, கூட உட்கார்ந்து சொல்லித்தர ஒருவர் இருந்தால், தயங்காமல் வாங்கலாம். பிறந்தநாள் பரிசாகக் கொடுத்துவிட்டு, பிள்ளையே படித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட நினைப்பவர்களுக்கு நான் பரிந்துரைக்கமாட்டேன். வரைபடத்தை விட்டுக் கையேட்டைப் படித்துவிடும். பள்ளிக்கு வாங்குவோர் பில் போடும் முன் பெட்டியைத் திறந்து, நாஸ்கா, கோகோஸ் போன்ற சிறு துண்டுகள் இருக்கின்றனவா என்று எண்ணிக்கொள்ளட்டும். குண்டூசிகள் தொலைவது உறுதி. கடையில் தனிப் பொட்டலம் கேட்டால் தருகிறார்கள், கிடைக்காவிட்டால் தையல் கடைகளில் விற்கும் மணித்தலை ஊசியும் அந்தத் துளைக்குப் பொருந்துகிறது, அதிலும் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் உண்டு.